வேட்டை நாயை வெள்ளாமைக் காவலுக்குப் பழக்குவோம்!



மக்காச்சோளம் பால் பிடிக்கிற நேரம், கடலை காய் வைக்கிற நேரம் வந்துவிட்டால் நம் வீடுகளில் தூக்கம் கிடையாது. ஒரே ராத்திரியில் காட்டுப் பன்னிக் கூட்டம் புகுந்து அரைக் குறுக்கத்தை உழுது போட்ட மாதிரி ஆக்கிவிட்டுப் போகிறது. வட்டிக்கு வாங்கிப் போட்ட விதையும் உரமும் மண்ணோடு மண்ணாகிப் போகின்றன.

2025 ஜனவரியில் தமிழக அரசு ஓர் உத்தரவு போட்டது. காப்புக் காட்டிலிருந்து 1 கி.மீ. வரை பன்னியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கி.மீ. தாண்டினால் வனத்துறையே சுடும். சரி, காட்டை ஒட்டி ரெண்டு குறுக்கம் வைத்திருப்பவனுக்கு இதில் என்ன கிடைத்தது? அதிகமாக அடிபடுகிறவன் அவன்தானே! கள்ளத்தனமாக மின்வேலி போட்டால் மனித உயிர் போகும், நாமும் ஜெயிலுக்குப் போவோம். அவுட்டுக்காய் வைத்தால் நம் மாட்டின் வாயே கிழியும். ஆக, இன்றைக்கே நம் கைக்கு எட்டுகிற காவல் ஒன்றுதான். நம் பாட்டன் பூட்டன் வளர்த்த நாட்டு வேட்டை நாய். கூலி கேட்காத காவல்காரன் அது.

ஆனால் நாயை வாங்கிக் கட்டிப் போட்டால் மட்டும் காவல் ஆகிவிடாது. அதன் குணம் தெரிய வேண்டும், பழக்கத் தெரிய வேண்டும்.

தேனி மாவட்டத்துக் கோம்பை நாய் செவலை நிறம், கருத்த மூஞ்சி, அகன்ற தாடை கொண்டது. தொழுவத்துக்கும் தோட்டத்துக்கும் ஏற்றது. எஜமானை விட்டு நகராது, வேற்று ஆளை அண்ட விடாது. சின்ன வயதிலேயே ஆட்களோடு பழக்காவிட்டால் பக்கத்துக் கொல்லைக்காரரையும் கடித்து வைக்கும்.

கரிசல் சீமைச் சிப்பிப்பாறையும் கன்னியும் ஒல்லியான உடம்பு, நீண்ட கால், கண்ணால் பார்த்துத் துரத்துகிற சாதி. விலா எலும்பு லேசாகத் தெரிவது அதன் வாகு. பட்டினி என்று நினைத்துக் கொழுக்க வைக்காதீர்கள். அசைகிற எதையும் துரத்தும். அதனால் கூப்பிட்டால் திரும்பி வரும் பழக்கம்தான் இதற்கு முதல் பாடம்.

ராஜபாளையம் உயரமானது, வெள்ளை நிறம், இளஞ்சிவப்பு மூக்கு. ஒருவருக்குத்தான் கட்டுப்படும். முழு வெள்ளைக் குட்டிகளில் சில பிறவியிலேயே காது கேளாமல் இருக்கும். வாங்குமுன் குட்டியின் பின்னால் நின்று, அதற்குத் தெரியாமல் கை தட்டிப் பாருங்கள். திரும்பாத குட்டி ராத்திரிக் காவலுக்கு ஆகாது.

தாய்ப்பால் மறக்காத குட்டியைத் தூக்கி வராதீர்கள். இரண்டு மாதம் ஆகட்டும். தாய் நாயையும் பாருங்கள்; தாய் பயந்து கடிக்கிறதென்றால் குட்டியும் அப்படி ஆக வாய்ப்பு அதிகம். குடல்புழு மருந்தும், பார்வோ, டிஸ்டம்பர் தடுப்பூசிகளும் தவற விடக் கூடாது. மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு வருடா வருடம். இதில் கஞ்சத்தனம் பார்த்தால் நம் பிள்ளைகளின் உயிருக்கே ஆபத்து.

குட்டி வந்த முதல் இரண்டு மாதம் பொன்னான காலம். ஆடு, மாடு, கோழி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், மோட்டார் சத்தம் எல்லாவற்றையும் கயிற்றில் பிடித்தபடி காட்டுங்கள். கோழியைப் பார்த்துப் பாய்ந்தால் கயிற்றை இழுத்து அதட்டுங்கள். சும்மா இருந்தால் தடவிக் கொடுங்கள். சோறு வைக்கும்போதெல்லாம் ஒரே பெயர், ஒரே சீழ்க்கை. பிறகு நீளக் கயிற்றில் விட்டுக் கூப்பிடுங்கள், வந்ததும் ஒரு வாய் தீனி கொடுங்கள். தாமதமாக வந்தாலும் வந்த நாயை அடிக்காதீர்கள். அடித்தால் அடுத்த முறை வராது. கயிறில்லாமல் அவிழ்த்து விடுவது இந்தப் பாடம் ஊறிய பிறகுதான்.

ஆறாம் மாதத்திலிருந்து தினமும் பொழுது சாய்கிறபோது வரப்பு ஓரமாக ஒரே தடத்தில் நடத்திக் கூட்டிப் போங்கள். எது நம் எல்லை என்று அது மோந்து மனதில் வைத்துக்கொள்ளும். எலும்பு முதிரும் வரை, அதாவது ஒரு வயது வரை, சைக்கிளுக்கும் வண்டிக்கும் பின்னால் ஓட விடாதீர்கள். பகல் முழுக்கச் சங்கிலியில் கிடக்கிற நாய் வெறி பிடித்த மாதிரி ஆகிவிடும், காவலுக்கு உதவாது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். நாயின் வேலை குரைப்பது. பன்னியைப் பிடிப்பது அல்ல. ஆண் பன்னியின் கோரைப் பல் நாயின் வயிற்றைக் கிழித்துவிடும். நாய் குரைத்தால் நாம் எழ வேண்டும். டார்ச் அடித்து, தகரம் தட்டி, கூட்டமாகச் சத்தம் போட வேண்டும். ஒரு நாய்க்கு இரண்டு நாய் இருந்தால் இன்னும் நல்லது. சிறுத்தை நடமாடும் மலையடிவாரத்தில் நாயைத் தனியாகக் கட்டிப் போடாதீர்கள். கட்டிய நாய் சிறுத்தைக்கு வைத்த தீனி.

இளவட்டங்களுக்கும் ஒரு வார்த்தை. பவுர்ணமி ராத்திரியில் முயலுக்கு நாயை அவிழ்த்து விடுவது வீரம் இல்லை. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நாய் விட்டுத் துரத்துவதும் வேட்டைதான். ஒரு முயலுக்காக வழக்கு, வக்கீல், வாய்தா என்று நிலத்தை அடகு வைக்கப் போகிறீர்களா?

அரசாங்கத்தையும் கேட்கிறோம். 2005இல் ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வெளியிட்டீர்கள். 2020 ஆகஸ்டில் பிரதமரே வானொலியில் நம் நாட்டு நாய்களின் பெயர்களைச் சொன்னார். பெருமை போதும், சிறு விவசாயிக்கு நல்ல குட்டி எங்கே? பட்டணத்துப் பங்களாவுக்குப் போகிற விலையில் நம்மால் வாங்க முடியுமா?

எனவே நாம் கோருவது:

1. கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் குட்டிகளைக் கால்நடைத் துறை வளர்த்து, காட்டை ஒட்டிய சிறு விவசாயிகளுக்கு மானிய விலையில் கொடு!

2. ஊராட்சிதோறும் ஆண்டுக்கொரு முறை இலவச நாய்த் தடுப்பூசி முகாம் நடத்து!

3. காவலில் பன்னியோ சிறுத்தையோ கொன்ற நாய்க்கும் இழப்பீடு கொடு!

4. சுட அனுமதியில்லாத 1 கி.மீ. எல்லைக்குள் பயிர்ச்சேதத்தைத் தாமதிக்காமல் அளந்து பணம் கொடு!

இந்தக் கோரிக்கைகளை ஊர்க்கூட்டத்தில் பேசுங்கள். கிராம சபையில் தீர்மானமாக எழுத வையுங்கள். விவசாயிகள் குறைதீர்க் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்கள். தனியாகப் போனால் மனு குப்பைக்குப் போகும். ஊராகப் போனால் ஆட்சியர் எழுந்து நின்று வாங்குவார்.

வெள்ளாமையைக் காப்போம்! நாட்டு நாயைக் காப்போம்! ஒன்றுபட்டு நிற்போம்!