பள்ளி நெருக்கமும் பெற்றோர் குரலும்

கல்வியின் சிறப்பை எடுத்துரைப்போர் எந்நாட்டிலும் பலர்; கற்க வந்த பிள்ளைக்கு உட்கார இடமுண்டோ என்று வினவுவோர் மிகச் சிலரே. இவ்வினா அற்பமானதெனத் தோன்றலாம். ஆயினும், ஐம்பதின்மர் அடைந்து கிடக்கும் வகுப்பிலே ஆசிரியர் ஒருவர் ஒவ்வொருவர் கட்டுரையையும் திருத்தித் தருதல் எங்ஙனம் இயலும்? பின்வரிசையில் இருப்போன் தன் ஐயத்தை எழுந்து கேட்பது எப்பொழுது? பள்ளியில் நெருக்கம் மிகுமாயின், ஆசிரியர் மாணாக்கனைப் பெயர் சொல்லி அறிந்திருக்கும் உறவே முதற்கண் அழிந்து போகின்றது.

இந்நெருக்கத்தைக் கண்ட பெற்றோர் இருவகையாக நடந்து கொள்வர். ஒருசாரார் தம் பிள்ளைக்கு மட்டும் வேறொரு பள்ளியில் இடம் தேடிப் பரிந்துரைக் கடிதங்களோடு அலைவர். மற்றொரு சாரார் ஊரிலுள்ள பிள்ளைகள் அனைவர்க்குமாகப் பள்ளி வேண்டுமெனக் கேட்பர். முதல் வகையாரை இகழ்தல் எம் கருத்தன்று. பிள்ளைப் பாசம் யாரையும் அவ்வழிச் செலுத்தும். எனினும் நெருக்கத்தை நீக்கவல்லது இரண்டாம் வகையாரின் குரலே என்பது எமது துணிபு. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குக் கரையிலுள்ள லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

அந்நகரை அடுத்துக் கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸ் என்னும் இடம் உள்ளது. மெக்சிக்கோவிலிருந்து குடியேறிய தொழிலாளர் குடும்பங்கள் அங்கே மிகுதி. அப்பகுதியில் 1925-ஆம் ஆண்டில் கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளி தோன்றிற்று. அதன்பின் எண்பது ஆண்டுகளுக்கு மேலாக அப்பகுதியில் அத்தகைய வேறொரு பள்ளி எழவேயில்லை. குடிகள் பெருகினர், பிள்ளைகள் பெருகினர், பள்ளி ஒன்றாகவே நின்றது. முடிவில் அவ்வொரு பள்ளியில் ஏறக்குறைய 5,000 மாணாக்கர் திரண்டனர்.

கல்வி அதிகாரிகள் வாளாவிருந்தனர் அல்லர். விளையாட்டு வெளியில் தற்காலிக அறைகளை நிறுத்தினர். நகரின் நெருக்கமிக்க பகுதிகளிலிருந்து பிள்ளைகளைப் பஸ்களில் ஏற்றித் தொலைதூரப் பள்ளிகளுக்கு அனுப்பினர். பள்ளியை ஆண்டு முழுவதும் நடத்தி மாணாக்கரை அணியணியாகப் பிரித்தனர். இம்மூன்றனுள் கடைசி முறையைச் சற்று விரித்துரைப்பது நலம். மாணாக்கர் மூன்று அணிகளாவர். எப்பொழுதும் ஈரணியினர் பள்ளியிலும் ஓரணியினர் விடுமுறையிலும் இருப்பர். இதன் ஒரு வகையிலே, 180 நாட்கள் நடத்தற்குரிய பள்ளியாண்டு 163 நாட்களாகச் சுருங்கிற்று. அதற்கு ஈடாக நாள்தோறும் சில நிமிடங்கள் கூட்டப்பட்டன என்பது மெய்யே. ஆயினும், ஆண்டுக்குப் 17 நாட்கள் வீதம் பன்னிரண்டு ஆண்டுகள் அம்முறையிற் பயில்வோன் 204 நாட்களை இழப்பான். அஃது ஒரு முழுப் பள்ளியாண்டினும் மிகுதியன்றோ? களைத்த பிள்ளைக்கு மாலை வேளையிற் கூட்டிய நிமிடங்கள், இழந்த நாளுக்கு ஈடாகுமென எவ்வாசிரியரும் கூறார்.

நிற்க, நல்லாசிரியர் ஒருவர் வாய்த்தால் நெருக்கம் ஒரு பொருட்டாகுமோ என வினவுவாரும் உளர். இதே கார்ஃபீல்டுப் பள்ளியில் 1974 முதல் 1991 வரை கணிதம் கற்பித்த ஹைமே எஸ்கலாந்தே என்பாரை அவர்கள் சுட்டிக் காட்டுவர். பொலிவியா நாட்டில் பிறந்த அப்பெருந்தகையின் மாணாக்கர் பதினெண்மர், 1982-இல் கல்லூரித் தரமுள்ள நுண்கணிதத் தேர்வில் வெற்றி பெற்றனர்; அக்கதை பின்னர்த் திரைப்படமாகவும் வந்தது. அவருடைய வகுப்புகள் சிலவற்றில் ஐம்பதின்மருக்கு மேலும் இருந்தனர். ஆனால், அவர் அப்பள்ளியை விட்டு நீங்கியபின் அவ்வெற்றியும் தேய்ந்தது. அரிய ஒருவரின் உழைப்பு, இல்லாத கட்டடத்திற்கு ஈடாகாது. ஆசிரியரைப் போற்றுவோர் அவர்மீது சுமையை ஏற்றிக்கொண்டே போற்றுதல் முறையன்று.

இனி, பெற்றோர் செய்தது யாதெனக் காண்போம். நெருக்கமிக்க நகரங்களின் பெற்றோர் சார்பில் 2000-ஆம் ஆண்டில் ஒரு வழக்குத் தொடுக்கப்பட்டது. பள்ளிக் கட்டடங்களுக்கு அரசு ஒதுக்கிய பணம் முந்தி விண்ணப்பித்தோர்க்கே முதலில் கிடைத்தது. வெற்று நிலம் மிகுந்த புறநகரங்கள் எளிதில் முந்தின. நிலம் அரிதாகிய நகரப் பள்ளிகள் பிந்தின. இவ்வநீதியை அவ்வழக்கு வெளிப்படுத்திற்று. அதே ஆண்டில் மாணாக்கர் பெயரால் கலிபோர்னியா அரசின்மீது தொடுக்கப்பட்ட வேறொரு வழக்கு 2004-இல் இணக்கமாக முடிந்தது. அதன் பயனாக, 163 நாள் முறையை 2012-க்குள் ஒழித்தல் வேண்டுமென்று விதிக்கப்பட்டது. கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸிலோ, இன்னர்சிட்டி ஸ்ட்ரகிள் என்னும் அமைப்பின் வழி மாணாக்கரும் பெற்றோரும் ஒன்றுகூடி, புதியதோர் உயர்நிலைப் பள்ளி வேண்டுமென இடைவிடாது கேட்டனர். அவ்வேண்டுகோளின் பயனாக எஸ்டெபான் டோரஸ் உயர்நிலைப் பள்ளி 2010-இல் திறக்கப்பட்டது. ஒரே வளாகத்தில் ஐந்து சிறு பள்ளிகளாக அதனை அமைத்தனர். மாணாக்கர் ஆயிரக்கணக்கில் முகமறியாக் கூட்டமாகாதிருத்தற்கு இஃது ஓர் உபாயமாம்.

கேட்டல் மட்டும் போதாது, கொடுத்தலும் வேண்டும். புதிய பள்ளிகளுக்கான கடனைச் சொத்துவரியால் அடைக்கும் திட்டங்களுக்கு அப்பகுதி வாக்காளர் 1997, 2002, 2004, 2005, 2008 ஆகிய ஐந்து ஆண்டுகளில் இசைவளித்தனர். 1997-இல் 240 கோடி டாலருக்கு இசைவு பெறுதற்கு மூன்றில் இருபங்கு வாக்கு வேண்டியிருந்தது, அது கிடைத்தது. பள்ளி செல்லும் பிள்ளையில்லாதோரும் அவ்வாறு வாக்களித்தாலன்றி இது கைகூடியிராது. இவ்வாறு 130-க்கு மேற்பட்ட புதிய பள்ளிகள் எழுந்தன. அணியணியாகப் பிரித்து நடத்தும் முறையும் 2017-இல் அங்கே அடியோடு நீங்கிற்று.

இதற்கு மாறாகக் கூறப்படுவனவற்றையும் மறைத்தல் தகாது. புதிய பள்ளிக்கு நிலம் எடுக்குங்கால் ஏழைகளின் வீடுகள் சில போயின. விரைந்து கட்டத் தொடங்கியதொரு பள்ளி, பழைய எண்ணெய் வயலின்மேல் அமைந்தமையால் நிலத்திலிருந்து நச்சு வாயு எழக் கண்டு 2000-இல் நிறுத்தப்பட்டு, 2008-இலேயே வேறு பெயரோடு திறக்கப்பட்டது. ஆகவே, பெற்றோர் பள்ளி கேட்குங்கால் இடத்தின் தகுதியையும், அயலார் இழப்பையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும்.

மற்றொரு தடையுரை இன்னும் வலியது. 2002-ஐ ஒட்டிய ஆண்டுகளுக்குப் பின்னர் அந்நகர்ப் பள்ளிகளில் பிள்ளைகளின் தொகை பெரிதும் குறைந்தது. “சிறிது பொறுத்திருந்தால் நெருக்கம் தானே நீங்கியிருக்குமே, இத்துணைப் பொருட்செலவு எதற்கு?” என்பர் சிலர். கணக்கு அளவில் இஃது உண்மையே போலத் தோன்றும். ஆனால் பொறுத்திருக்க வேண்டியவர் யார்? கணக்கெழுதுவோர் அல்லர், பதினான்கு வயதுப் பிள்ளையே. உயர்நிலைப் பள்ளிக் காலம் அந்நாட்டில் நான்கே ஆண்டுகள். ஆட்தொகை குறையுமுன் அந்நான்காண்டுகள் கழிந்தே போகும். கழிந்த பருவத்தை எக்கருவூலமும் திருப்பித் தாராது. கட்டிய அறை பின்னர்க் காலியாகுமாயின், அதனை நூலகமாகவோ முதியோர் வகுப்பாகவோ பயன்படுத்தலாம். கல்லாது கழிந்த இளமையை எதற்குப் பயன்படுத்துவது?

அன்பர்களே, இவ்விதழைப் படிப்போருட் பலர் நாளை ஆசிரியராவர். மிகப் பலர் பெற்றோராவர். வகுப்பில் இடமின்மை கண்டால், தம் பிள்ளைக்கு மட்டும் ஓரிடம் தேடி அமைதல் எளிது. அங்ஙனம் பெற்ற ஓரிடம் வேறொரு பிள்ளைக்கு இல்லாமற் போன இடமே என்பதை மறவாதிருப்போமாக. வகுப்பில் எத்தனை பேர், ஆசிரியர் எத்தனை பேர், நாட்கள் எத்தனை என முதலில் எண்ணி எழுதுவோம். எண்ணியதை அயலாரோடு கூடி உரியவர் முன் வைப்போம். தற்காலிக ஏற்பாட்டை நிலையான தீர்வெனக் காட்டுவாராயின் பணிவோடு மறுப்போம். தீர்வுக்குரிய செலவில் நம் பங்கைக் கொடுக்கவும் முன்வருவோம். கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸில் வாக்குரிமையும் இல்லாத குடியேறிகள் பலர் பிறரோடு கூடிநின்று இதனைச் செய்தனர். அவரினும் மிக்க வசதி வாய்த்தோர் செய்யாதிருத்தற்குத் தக்க காரணம் யாதும் இல்லை.