சூப்பும் பாணும் விருந்தாகுமா?

"ஒருநாளைக்கு வீட்டுக்கு வாங்கோ."

ஆராதனை முடிந்து மண்டபத்தில் தேநீர்க் கோப்பையோடு நிற்கும்போது நாம் எல்லோரும் சொல்கிற வார்த்தை இது. எங்கள் வீட்டாரும் சொல்வோம். பொய்யாகச் சொல்வதில்லை, மனதாரத்தான் சொல்கிறோம். ஆனால் அந்த ஒருநாள் எந்தநாள் என்று கேட்டவரும் கேட்பதில்லை, நாங்களும் சொல்வதில்லை.

மூன்று வருடங்களுக்கு முன் பராமரிப்பு வேலை விசாவில் ஒரு தங்கை லண்டனுக்கு வந்து சேர்ந்தார். எட்டு மாதம் எங்களுக்கு இரண்டு வரிசை பின்னால் இருந்து பாடினார். பலர் தங்கும் ஒரு வீட்டில் அவருக்கு ஓர் அறை. இரவு எட்டு மணிக்குப் பிறகு சமைக்கக்கூடாது என்பது வீட்டுக்காரரின் சட்டம். அவர் வேலை முடிந்து வருவதோ ஒன்பது மணிக்கு. பிறகு வடக்கே வேறொரு நகரத்தில் வேலை கிடைத்துவிட்டது. கடைசி ஞாயிறன்று எங்களிடம் விடைபெற வந்தவர், "அக்கா, உங்கட வீடு எந்தப் பக்கம்?" என்று கேட்டார். தெருவின் பெயரைச் சொன்னோம். "ஐயோ, அது நான் பஸ் எடுக்கிற இடத்துக்குப் பக்கமெல்லோ!" என்று சிரித்தார். அவர் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் காரில் திரும்பி வரும்போது நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பத்து நிமிட நடை. எட்டு மாதம்.

ஏன் கூப்பிடவில்லை என்று பிறகு உட்கார்ந்து யோசித்தோம். எங்கள் வீட்டில் ஒருவர் தாதி, மற்றவர் பஸ் ஓட்டுகிறார். வார்டில் ஒரு பகல் வேலை என்றால் பன்னிரண்டரை மணித்தியாலம். இருவருக்கும் ஒரே நாளில் லீவு வருவது மாதத்தில் இரண்டோ மூன்றோ தடவை, அதில் உடுப்புத் தோய்க்கவேண்டும், பிள்ளைகளின் பாடம் பார்க்கவேண்டும். ஒருவரைச் சாப்பிடக் கூப்பிடுவதென்றால் நம் கணக்கு வேறு: இறைச்சிக் கறி, இறால், கத்தரிக்காய்ப் பொரியல், பருப்பு, சோறோ பிரியாணியோ, கடைசியில் வட்டிலப்பம். முதல்நாள் சாமான் வாங்கவேண்டும். வீடு மினுங்கவேண்டும். இதெல்லாம் முடியாது என்றபடியால் ஒன்றுமே செய்யாமல் விட்டோம். மனமில்லாமல் இல்லை, அளவுகோல் உயர்ந்துவிட்டது. நம் வீட்டுக் கதவுக்குப் பூட்டுப் போட்டிருப்பது நம்முடைய விருந்துதான் என்று இன்றைக்கு நாங்கள் நினைக்கிறோம்.

அந்தப் பூட்டைத் திறந்தது ஓர் இத்தாலியத் தாதி. பத்து வருடங்களுக்கு முன் இத்தாலியிலிருந்து நிறையத் தாதியர் இங்குள்ள வைத்தியசாலைகளுக்கு வந்தார்கள். எங்கள் வார்டுக்கு வந்தவர் ஜெனோவா நகரத்தவர். இரவு வேலைக்கு வரும்போது ஒரு பழைய தகரத் தட்டில் ஃபொக்காச்சியா சுட்டுக் கொண்டுவருவார். விரல் தடம் பதிந்த, எண்ணெய் மினுங்கும் தட்டைப் பாண். அதிகாலை நான்கு மணிக்கு, கண் செருகும் நேரத்தில், அதில் ஒரு துண்டு இருந்தால் மிச்ச நேரம் ஓடிவிடும். ஜெனோவாவில் காலையில் அதைப் பால்கோப்பியில் தோய்த்துச் சாப்பிடுவார்கள் என்றார். உப்புப் பாணைக் கோப்பியிலா என்று முகம் சுளித்தோம். நாங்கள் மாரி பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்ப்பதைக் கண்டு அவரும் அப்படித்தான் பார்த்தார். அந்தப் பாணின் பெயர் லத்தீனில் அடுப்படியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அவர் தன் ஊரில் ஆட்களைக் கூப்பிட ஒரு தட்டு ஃபொக்காச்சியாவும் ஒரு பானை சூப்பும் போதும் என்று சொன்னபோது எங்களுக்குப் பொறாமையாக இருந்தது.

செய்முறையைச் சொல்கிறோம், ஏனென்றால் இதில் பயப்பட ஒன்றுமில்லை என்பதே எங்கள் வாதத்தில் பாதி. பாண் செய்வதற்கென்று விற்கும் வெள்ளை மா 500 கிராம், தண்ணீர் 400 மில்லிலீற்றர், உப்பு 10 கிராம், 7 கிராம் ஈஸ்ட் பைக்கற்றில் பாதி, ஒரு மேசைக்கரண்டி ஒலிவ எண்ணெய். ஒரு பாத்திரத்தில் கரண்டியால் கலக்கினால் சரி. ரொட்டிக்குக் குழைப்பதுபோலக் குழைக்கத் தேவையில்லை, முடியவும் முடியாது. கையில் ஒட்டும், தண்ணீராக இருக்கிறதே என்று இன்னும் மா போடத் தோன்றும். போடாதீர்கள். அரை மணிக்கு ஒருதடவை ஈரக் கையால் ஓரத்தை இழுத்து நடுவில் மடிக்கவேண்டும், மூன்று தடவை. பிறகு மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் இரவு முழுக்க வைக்கலாம், அடுத்தநாள் மாலைவரை வைத்தாலும் பிழையில்லை. வேலைக்குப் போகிறவர்களுக்கு இதுதான் பெரிய வசதி. நாம் வார்டில் நிற்கும்போது மா தன் வேலையைத் தானே செய்துகொள்கிறது. நன்றாக எண்ணெய் பூசிய தட்டில் கொட்டி, இரண்டு மூன்று மணி நேரம் பொங்க விட்டு, பத்து விரலாலும் தட்டின் அடி தொடும்வரை குத்தி, தண்ணீரும் எண்ணெயும் அரைத் தேக்கரண்டி உப்பும் அடித்துக் கலந்து அந்தக் குழிகளில் ஊற்றவேண்டும். ஜெனோவாக்காரரின் இரகசியம் அந்த உப்புத் தண்ணீர்தான். 220 பாகை சூட்டில் 20 முதல் 25 நிமிடம்.

எங்கள் முதல் தட்டு கல்லாக வந்தது. ஈஸ்ட் வேகமாக வேலை செய்யட்டும் என்று சுடுதண்ணீர் ஊற்றியதால் அது செத்துப்போயிற்று. அன்று ஆட்களைக் கூப்பிட்டிருந்தோம். கடைப் பாணை வாட்டி வைத்தோம், சாப்பிட்டார்கள், ஒருவரும் எழும்பிப் போகவில்லை.

சூப்புக்கு ஜனவரியில் கடையில் கிடைக்கும் தக்காளியை நம்பவேண்டாம். நிறம் மட்டும்தான் இருக்கும். ரின்னில் வரும் இத்தாலியத் தக்காளி, பருவத்தில் பழுத்ததைப் பறித்து அடைத்தது, இந்தக் குளிர்நாட்டுக்கு அதுவே மேல். ஆறு பேருக்கு 400 கிராம் ரின் மூன்று. வெங்காயம் இரண்டு, ஒரு முழு உள்ளி, ஒரு கரட், எல்லாவற்றையும் எண்ணெய் தடவி அவணில் வாட்டியெடுத்து, தக்காளியோடு அரைமணி கொதிக்கவிட்டு அரைக்கவேண்டும். நாங்கள் 100 கிராம் மைசூர்ப் பருப்பும் சேர்ப்போம். அதை முதலிலேயே தனியாக அவித்துவிடுங்கள், தக்காளிப் புளிப்பில் பருப்பு இலேசில் அவியாது. ஓகஸ்ட் மாதம் என்றால் பின்வளவில் காய்க்கும் தக்காளியை 200 பாகையில் முக்கால் மணி வாட்டிப் போடலாம். ஊரில் கத்தரியும் மிளகாயும் வைத்த கைகள் இங்கே தக்காளி வைக்கின்றன, அதைவிட நல்ல தக்காளி இந்த நாட்டில் காசுக்குக் கிடைக்காது.

இதை முதலில் எதிர்த்தவர் எங்கள் மாமி. "சூப்பும் பாணும் வருத்தக்காரருக்குக் குடுக்கிறது. வீட்டுக்கு வந்த சனத்துக்கு ஆரும் அதை வைப்பினமே?" என்றார். அவரில் பிழையில்லை. நம் ஊரில் காய்ச்சல் வந்தால்தான் பாணும் சூப்பும். சோறு வைக்காமல் ஒருவரை அனுப்புவது அவருடைய தலைமுறைக்கு அவமானம், அந்தத் தலைமுறை பசியையும் பார்த்தது, இடம்பெயர்வையும் பார்த்தது, அதனால் தட்டு நிறைந்திருப்பதற்கு அவர்களிடத்தில் வேறொரு அர்த்தம் உண்டு. அதை நாங்கள் கேலி செய்யவில்லை. கலியாண வீட்டுக்கும் நினைவுநாளுக்கும் சோறும் கறியும்தான் வேண்டும். எங்கள் கேள்வி மற்ற நாட்களைப் பற்றியது. மாமி இன்றைக்கும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. சூப்பில் மிளகும் நற்சீரகமும் இடித்துப் போட்டு "இப்பதான் ரசம்போல வாய்க்கு விளங்குது" என்கிறார், பக்கத்தில் ஒரு கிண்ணம் தேங்காய்ச் சம்பலும் வைக்கிறார். ஃபொக்காச்சியாவும் சம்பலும் நல்ல சேர்க்கை. ஜெனோவாக்காரிக்கு இன்னும் சொல்லவில்லை.

சிலர் வேறு பக்கத்திலிருந்து கேட்கிறார்கள்: இது உடம்புக்கு நல்லதுதானே? தாதி சொல்கிறார் என்றபடியால் மருந்துபோல எண்ணிவிடுகிறார்கள். உண்மையைச் சொல்லவேண்டும். அந்தத் தட்டை 12 துண்டாக வெட்டினால் ஒரு துண்டில் ஏறக்குறைய 1 கிராம் உப்பும் 30 கிராம் மாச்சத்தும் இருக்கும். சூப்பில் ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டால் ஒரு கோப்பையில் இன்னும் ஏறக்குறைய 1 கிராம். ஒரு கோப்பையும் இரண்டு துண்டும் சாப்பிட்டால் 3 கிராம். இந்த நாட்டில் வளர்ந்தவர்களுக்கு நாள் முழுவதற்கும் சொல்லப்படும் உச்ச அளவு 6 கிராம்தான். பிரஷர் உள்ளவர்கள் வரும்நாளில் சூப்புக்கு உப்பைப் பாதியாக்கி, தேசிக்காய்ப் புளி விடுகிறோம், மேலே ஊற்றும் தண்ணீரிலும் உப்பு இல்லை. சீனி வருத்தம் நம்மவர்களுக்கு உடம்பு பெருக்காமலே வருகிறது, அவர்களுக்கு ஒரு துண்டும், பருப்புக் கூடிய சூப்பும் போதும். சிறுநீரக வருத்தத்துக்காகப் பொட்டாசியம் குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்குத் தக்காளி சூப்பே சரிவராது, வேறேதாவது வைக்கவேண்டும். கூப்பிடும்போதே கேட்டுவிடுவது நல்லது. இன்னொன்று, உள்ளியை எண்ணெயில் போட்டு அலமாரியில் நாட்கணக்காக வைத்திருக்காதீர்கள், பொட்டுலிசம் என்ற கொடிய நச்சு நோயை உண்டாக்கும் கிருமி அதில் வளரலாம்.

ஆகவே இதை ஆரோக்கிய உணவு என்று நாங்கள் விற்கவில்லை. களைத்துப்போன இரண்டு பேர், ஒரு சாதாரண வெள்ளிக்கிழமை, ஆறு பேரைக் கூப்பிடக்கூடிய சாப்பாடு என்றுதான் சொல்கிறோம். மா முதல்நாள் இரவே தயார், சூப் ஒரு மணி நேரம். கழுவுவதற்கு ஒரு பானையும் ஒரு தட்டும். அதைவிட முக்கியம், சாப்பிட்டவர் "இதைத் திருப்பி எப்படிச் செய்வது" என்று பயப்படத் தேவையில்லை. பதினைந்து கறி வைத்தால் வந்தவர் கடன்பட்டவராகிறார், பதினாறு கறி வைக்க முடியாததால் அவர் நம்மைக் கூப்பிடமாட்டார். சூப்பும் பாணும் என்றால் அடுத்த மாதமே கூப்பிடலாம். போன வருடம் எங்கள் மேசையில் முதல்தடவை இருந்த ஒரு மாணவர், மூன்று பேரோடு பங்குபோடும் தன் சின்னக் குசினிக்கு எங்களைக் கூப்பிட்டார். கதிரை போதாமல் கட்டிலில் இருந்து சாப்பிட்டோம். அவருடைய பாண் எங்களுடையதைவிட நன்றாகப் பொங்கியிருந்தது.

அதனால்தான் வாலிபர் ஐக்கியத்துக்கு இதை எழுதுகிறோம். நீங்கள் சமைக்கத் தொடங்கும் வயதில் இருக்கிறீர்கள், பழைய அளவுகோல் இன்னும் உங்கள் கையில் இறுகவில்லை. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஐக்கியத்தில் இரண்டு பேர் சேர்ந்து ஒரு வீட்டில் சமைக்கட்டும். இரண்டு சாமானுக்கு மேல் வைக்கக்கூடாது என்று ஒரு சட்டம் போடுங்கள், அம்மாமார் இரகசியமாகக் கட்லற் கொண்டுவந்தாலும் வாங்காதீர்கள். (இதைச் செய்வதுதான் கஷ்டம்.) தம்பிமாரே, நீங்களும்தான். எங்கள் வீட்டில் மா மடிப்பவர் பஸ் ஓட்டுகிறவர். அந்த மாதம் புதிதாய் வந்த ஒருவரையும் தனியாய் இருக்கும் ஒரு மூத்தவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். மண்டபத்தில் எல்லோரையும் பார்த்து அறிவிப்பது கூப்பிடுவதாகாது. சாறிபாத் விதவையின் கதையை ஞாயிறு பாடசாலையில் படித்தோம். அவள் வீட்டில் இருந்தது கொஞ்ச மாவும் கொஞ்ச எண்ணெயும், எலியாவுக்கு அவள் சுட்டது ஒரு சின்ன அடை. நாங்கள் பல வருடம் அதைப் பானையில் மா குறையாத அற்புதமாக மட்டும் படித்தோம். இப்போது அவள் வைத்த சாப்பாட்டின் அளவும் கண்ணில் படுகிறது.

வடக்கே போன தங்கைக்குப் போன நத்தாருக்குச் செய்தி அனுப்பினோம். லண்டன் வந்தால் எங்களிடம் தங்கவேண்டும் என்று எழுதியபின், மறுபடியும் அதே "ஒருநாள்" வந்துவிட்டதைக் கண்டு அழித்துவிட்டு, ஈஸ்டர் விடுமுறையில் எந்தத் தேதி லீவு என்று கேட்டு எழுதினோம். இரண்டு தேதி அனுப்பியிருந்தார். ஒன்றில் எங்களில் ஒருவருக்கு வேலை, மாற்றிக்கொண்டோம்.

இந்த மாதக் கடைசி வெள்ளிக்கு வியாழன் இரவே மா கலக்கி வைப்போம். கதவு ஆறரைக்குத் திறந்திருக்கும். எட்டுப் பேருக்கு இடமுண்டு, ஐந்து பேர் ஏற்கனவே பெயர் கொடுத்திருக்கிறார்கள். வருபவர்கள் ஞாயிறன்று எங்களிடம் சொல்லுங்கள், சாப்பிடக்கூடாதது ஏதும் இருந்தால் அதையும் சேர்த்து. சப்பாத்து வைக்கும் இடம் சிறிது, பொறுத்துக்கொள்ளவேண்டும்.