பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

யாழ்ப்பாணத்து உறவுகளுக்கு ஒஸ்லோவிலிருந்து ஒரு திறந்த மடல்

ஒருவரோ சிலரோ செய்த வன்முறைக்கு அவர்கள் பிறந்த இனத்தையும் மதத்தையும் முழுவதாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது கூட்டுப்பழி. அந்தப் பழி எல்லோர் மேலும் ஒரே சீராக விழுவதில்லை. கொன்றவன் தன் இனத்தவன் என்றால் அவன் தனியன், வழிதவறியவன், மனநலம் கெட்டவன். பிற இனத்தவன் என்றால் அவன் பின்னால் அவனுடைய சனம் முழுவதும் நிற்பதாகக் கொள்ளப்படும். அமெரிக்கச் சமூக உளவியலாளர் தோமஸ் பெட்டிக்ரூ 1979 இல் இதை விளக்கினார். தன் குழுவினர் தீங்கு செய்தால் சூழ்நிலையையும், பிற குழுவினர் செய்தால் அவர்களின் பிறவிக் குணத்தையும் காரணம் காட்டுவது மனித மனத்தின் பழக்கம் என்பது அவர் கருத்து.

நோர்வேயில் இந்தப் பழக்கம் ஒரே நாளில் வெளிப்பட்டது. 2011 யூலை 22 பிற்பகல் ஒஸ்லோவின் அரச அலுவலகப் பகுதியில் குண்டு வெடித்து 8 பேர் இறந்தனர். அன்று மாலை உத்தோயா தீவில், தொழிற்கட்சியின் இளைஞர் முகாமில் 69 பேர் கொல்லப்பட்டனர். கொலையாளி யாரென்று தெரியாத முதல் சில மணி நேரத்தில் சந்தேகம் முஸ்லிம்கள் மேல் விழுந்தது. வேற்று நாட்டுத் தோற்றம் கொண்டோர் தெருக்களில் ஏச்சு வாங்கினர். அதே நாளில் உத்தோயாவிலிருந்து நீந்தி உயிர் தப்பியவர்களில் ஒருவர், யாழ்ப்பாணத்தில் பிறந்து 2015 இல் ஒஸ்லோவின் துணை மேயரான கம்ஷாஜினி குணரத்தினம்.

பிடிபட்டவர், குடியேறியவர்களை வெறுத்த 32 வயது வெள்ளை நோர்வேஜியர். உடனே கேள்விகள் மாறின. அவருடைய சிறுவயதும் மனநிலையும் ஆராயப்பட்டன. அவர் சித்த சுவாதீனமுள்ளவர் என்று 2012 ஓகஸ்ட் 24 இல் தீர்ப்பளித்த நீதிமன்றம், 21 ஆண்டுத் தடுப்புக்காவல் விதித்தது. நோர்வேஜியர் எல்லோரும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எவரும் கோரவில்லை. அதுதான் நியாயம். அந்த நியாயம் முதல் சில மணி நேரத்தில் முஸ்லிம்களுக்குக் கிடைக்கவில்லை என்பதே இரட்டை அளவுகோல்.

கூட்டுப்பழியின் கொடுமையை ஈழத்தமிழர் உடலால் அறிந்தவர்கள். 1983 யூலை 23 இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் விடுதலைப் புலிகளின் தாக்குதலில் 13 படையினர் இறந்தனர். மறுநாள் முதல் கொழும்பில் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகள் அடையாளம் காணப்பட்டன. வெலிக்கடைச் சிறையில் இரண்டு நாள்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். எரிந்த வீடுகளில் இருந்தவர்களுக்கும் திருநெல்வேலித் தாக்குதலுக்கும் இருந்த ஒரே தொடர்பு மொழி. நோர்வே உட்படப் பல நாடுகளில் இன்று தமிழர் வாழ்வதற்கு அந்த யூலை ஒரு முக்கியக் காரணம்.

ஏழு ஆண்டுகளில் அதே கணக்கு வடக்கில் முஸ்லிம்கள் மேல் எழுதப்பட்டது. கிழக்கில் முஸ்லிம் ஊர்காவல் படையினர் சிலர் செய்த வன்முறையும் காட்டிக்கொடுப்புச் சந்தேகமும் காரணமாகச் சொல்லப்பட்டன. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து ஏறக்குறைய 75,000 முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினர். ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண நகர முஸ்லிம்கள் ஒஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானத்துக்கு அழைக்கப்பட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடும்படி பணிக்கப்பட்டனர். நகையும் பணமும் பறிக்கப்பட்டன. அவர்களில் பலர் புத்தளத்து முகாம்களில் தலைமுறை கண்டனர்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, இலங்கையில் மூன்று தேவாலயங்களிலும் கொழும்பு விடுதிகளிலும் முஸ்லிம் தீவிரவாதிகள் சிலரின் குண்டுகள் வெடித்து 260 க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மட்டக்களப்பு சியோன் தேவாலயத்தில் தமிழ்ச் சிறுவர்களும் மாண்டனர். அந்தத் துயரம் அளவற்றது. குண்டுதாரிகளின் தலைவரைப் பற்றி அவருடைய ஊரான காத்தான்குடியின் முஸ்லிம்கள் முன்பே முறையிட்டிருந்தனர். குண்டுதாரிகளின் உடல்களை ஏற்க முடியாது என்று முஸ்லிம் மார்க்க அறிஞர்களின் அமைப்பான ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது. இருந்தும் மே மாதம் குருநாகல், மினுவாங்கொடைப் பகுதிகளில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. கண்டனம் எங்கே என்று கேட்டவர்களின் காதில், ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருந்த கண்டனம் விழவில்லை.

1990 பற்றிப் பேச்சு வரும்போது யாழ்ப்பாணத்தில் கேட்கும் பதில், ‘அது இயக்கம் செய்தது, சனம் செய்யவில்லை’ என்பது. அந்தப் பதில் சரியானது. ஆயுதம் ஏந்தியவர்களின் முடிவுக்கு ஒரு மக்கள் கூட்டத்தைக் குற்றவாளியாக்கக் கூடாது. 1949 ஆம் ஆண்டின் நான்காவது ஜெனீவா உடன்படிக்கையும், ஒருவர் தாமே செய்யாத குற்றத்துக்குத் தண்டிக்கப்படக் கூடாது என்று கூறிக் கூட்டுத் தண்டனையைத் தடை செய்கிறது. ஆனால் அந்தப் பதிலைத் தமக்காகச் சொல்பவர்கள், 2019 இல் காத்தான்குடிக்கும் அதையே சொல்லக் கடமைப்பட்டவர்கள். வார்த்தைக்கு வார்த்தை மாறாமல் மற்றவருக்கும் வழங்கப்படும்போதே அது நீதியாகிறது. அதுவரை அது தப்பிக்கும் வழி மட்டுமே.

பழியும் பொறுப்பும் வேறு வேறு. செய்யாத குற்றத்தின் பழி ஒரு சமூகத்துக்கு இல்லை. தன் பெயரால் நடந்த கொடுமையைக் கொடுமை என்று சொல்லும் பொறுப்பு உண்டு. அந்தக் கொடுமையால் இடம் பெயர்ந்தவர் திரும்பி வருகையில் கதவைத் திறக்கும் பொறுப்பும் உண்டு. போர் முடிந்தபின் யாழ்ப்பாண முஸ்லிம்களின் குடியிருப்பான சோனகதெருவுக்குத் திரும்பியவர்கள் கண்டவை இடிந்த சுவர்கள். அவர்களின் காணிக்கும் வீட்டுக்கும் தமிழர் குரல் கொடுப்பதும், 1983 இன் கறுப்பு யூலையை நினைப்பது போலவே ஒக்டோபர் 30 ஐயும் முஸ்லிம்களுடன் சேர்ந்து நினைவுகூர்வதும் அந்தப் பொறுப்பின் நடைமுறை வடிவங்கள்.

அன்புடன்,
ஒஸ்லோவில் வாழும் யாழ்ப்பாணத்தவர் ஒருவர்