இரண்டு தெனாரியம்



பார்க்கின்சன் நோயைக் குறித்து நம்மிடையே ஒரு பேச்சு வழங்கி வருகிறது: "அது முதுமையின் இயல்பு, ஆண்டவர் தந்த சிலுவை, ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பது அரசின் வேலை." பக்தியின் ஆடையை உடுத்தியிருந்தாலும் இது பக்தியன்று.

முதுமையின் இயல்பு என்போர், இந்நோய் ஐம்பது வயதுக்கு முன்னரும் சிலரைப் பற்றுவதை அறியார்.

சிலுவை என்போருக்குத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலே விடை. உலகின் கண்முன் இந்நோயைச் சுமந்தவர் அவர். எனினும், துன்பத்தின் பொருள் குறித்து 1984இல் அவர் எழுதிய திருத்தூது மடல் சகிப்போடு நின்றுவிடவில்லை. நல்ல சமாரியனுக்கென ஓர் இயலையே ஒதுக்கியது. அந்தச் சமாரியன் காயத்தைக் கட்டியதோடு, சாவடிக்காரரிடம் இரண்டு தெனாரியமும் கொடுத்தான். அவனுக்கு முன் விலகிச் சென்றவர்களுள் முதல்வர் ஒரு குரு என்பதைக் குருவாகிய நான் மறக்க இயலாது.

அரசின் வேலை என்போர் மருந்தின் வரலாற்றைக் கேட்கட்டும். இன்றும் முதன்மை மருந்தாக விளங்கும் லெவோடோபாவை, 1937இல் சென்னையில் தாமோதரன், இராமசாமி என்னும் இருவர் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்தனர். அது இந்நோய்க்கு உதவும் என்பதை அந்நாளைய ஆய்வகங்கள் அறிந்திருக்கவில்லை. நோயாளரின் மூளையில் டோபமின் குன்றியிருப்பது 1960இல் வியன்னாவில் வெளிப்பட்டது. அடுத்த ஆண்டே நம் மொன்றியலில் ஆந்திரே பார்போவும் அவர்தம் குழுவினரும் லெவோடோபாவை வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தனர். பயன் உடனே தெரியாத ஆய்வுக்கு எவரோ செலவிட்டதாலேயே இன்று நம் பெற்றோர் தம் கையால் உண்கின்றனர்.

ஆயினும் அம்மருந்து அறிகுறிகளைத் தணிக்குமேயன்றி நோயை நிறுத்தாது. நோயறிதலும் இன்றுவரை பெரிதும் மருத்துவரின் கண்ணையே நம்பியிருக்கிறது; கை நடுங்கத் தொடங்குகையில் டோபமின் சுரக்கும் உயிரணுக்களுள் கணிசமானவை மடிந்திருக்கும். தண்டுவட நீரில் ஆல்ஃபா-சைநியூக்ளின் என்னும் புரதத்தின் பிறழ்வைக் காட்டும் சோதனையின் பெரும் ஆய்வு 2023இல் வெளிவந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தம் உடலை ஆய்வுக்கு அளித்ததால் அது கைகூடிற்று. இத்தகைய ஆய்வுகளில் ஐரோப்பிய வழிவந்தோரே மிகுதி. நம் குருதியை எவரும் ஆராயாவிடில், நாளைய மருந்து நம்மவர்க்குப் பொருந்துமென்று எவர் உறுதி கூறுவர்?

"ஆராய்ச்சி கருவைச் சிதைக்குமே" என்பாரும் உளர். அதனைத் திருச்சபை ஏற்பதில்லை, நானும் ஏற்பதில்லை. ஆனால் வளர்ந்த உயிரணுவையே மூல உயிரணுவாக மாற்றும் வழியை 2006இல் யமனாகா காட்டினார். அவ்வழியில் உருவான உயிரணுக்களைக் கொண்டு 2018இல் கியோத்தோவில் பார்க்கின்சன் நோயாளர்க்குச் சிகிச்சைச் சோதனை தொடங்கியது. நன்னெறியைக் கைவிடாத ஆய்வு கண்முன் இருக்க, மனச்சான்றைக் கஞ்சத்தனத்துக்குக் கேடயமாக்காதீர்கள்.

இல்-பிசாரின் பாலத்தைக் கடந்தால் நாம் சேரும் அதே நகரில், 1934இல் பென்ஃபீல்ட் நிறுவிய மொன்றியல் நரம்பியல் நிறுவனம் இருக்கிறது. தன் ஆய்வுத் தரவுகளை உலகனைத்துக்கும் திறந்து வைப்பதாக அது 2016இல் அறிவித்தது. ஆகவே கேட்கிறேன்: திருவிழா அலங்காரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை இந்நோயின் ஆராய்ச்சிக்குக் கொடுங்கள். வாக்குக் கேட்டு வருவோரிடம் ஆராய்ச்சி நிதியைப் பற்றி வினவுங்கள். நோயுற்றோரை வீட்டினுள் மறைக்காதீர்கள். ஆய்வில் சேர இயலுமா என்று அவர்தம் மருத்துவரைக் கேளுங்கள். மாதாவுக்கு ஏற்றும் மெழுகுதிரியை எவரும் குறைக்க வேண்டாம். ஆனால் செபித்துவிட்டுக் கடந்து செல்வோமாயின், எரிக்கோ சாலையில் நாம் யார் என்பதை நற்செய்தி முன்னரே சொல்லிவிட்டது.

இறையாசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை
இல்-பிசார், மொன்றியல்