மேடை கோணல்தான், எத்தனை மைக்ரான்?

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். திருநின்றவூரில் ரயிலேறி அம்பத்தூர் பக்கம் போங்கள், திருவள்ளூர் காக்களூர் பக்கம் போங்கள், இல்லை கும்மிடிப்பூண்டிக்கே போங்கள். சின்னப் பட்டறைகளில் இந்தப் பழமொழியின் புதுப் பதிப்பு கேட்கும்: "மெஷின் பழசுப்பா, அப்படித்தான் வரும்."

மக்களே, இது நோயைக் கண்டுபிடிப்பது இல்லை. சோம்பேறித்தனம்.

இருபது வருஷம் ஓடிய சி.என்.சி. மில்லிங் மெஷினில் கோணல் இருக்கும்தான். எந்த அச்சில்? எத்தனை மைக்ரான்? காலையிலா, மதியமா? இதற்குப் பதில் இல்லாமல் மெஷினைத் திட்டி என்ன பயன்?

அடுத்த பாவம், அளவு தப்பினால் உடனே ஆஃப்செட்டைத் தட்டுவது. தவறு எப்போதும் ஒரே அளவாக இருந்தால்தான் ஆஃப்செட் உதவும். ஒரு பீஸ் கூட, அடுத்தது குறைய என்று வந்தால், நீங்கள் திருத்தவில்லை, துரத்துகிறீர்கள்.

அதைவிடப் பெரிய பாவம் பேக்லாஷ் பாராமீட்டரை ஏற்றுவது. (ஃபானுக் 0ஐ, 18ஐ கன்ட்ரோல்களில் 1851.) திசை மாறும்போது மோட்டாரைக் கொஞ்சம் கூடுதலாகச் சுற்ற வைப்பதுதான் அதன் வேலை. தளர்ந்த இடத்தை அது இறுக்காது. கட்டர் இழுத்தால் டேபிள் அந்த இடைவெளிக்குள் ஆடிக்கொண்டேதான் இருக்கும்.

தளர்ச்சி எங்கே என்று பார்ப்பது ராக்கெட் விஞ்ஞானமா? பால் ஸ்க்ரூவின் முனையில் உள்ள சென்டர் குழியில் கிரீஸ் தடவி ஒரு ஸ்டீல் குண்டை ஒட்டவையுங்கள். டயல் கேஜை அதன்மேல் நிறுத்தி, ஹேண்ட் வீலில் மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்துங்கள். திசை மாறும்போது முள் குதித்தால் ஸ்க்ரூவே நீளவாக்கில் அசைகிறது; பேரிங்கையும் லாக் நட்டையும் பாருங்கள். முள் அசையாமல் டேபிள் மட்டும் பின்தங்கினால் பால் நட், கப்ளிங் பக்கம் போங்கள். லாக் நட்டை இறுக்கினால் தீர்கிற விஷயத்துக்குப் புது ஸ்க்ரூ வாங்கச் சொல்வது நியாயமா?

பிறகு சூடு. ஒரு மீட்டர் ஸ்டீல், ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 11 முதல் 12 மைக்ரான் நீளும். ஓடி ஓடி ஸ்க்ரூ 10 டிகிரி சூடேறினால் அரை மீட்டரில் 55 மைக்ரானுக்கு மேல் போச்சு! மோட்டாரின் பின்னால் இருக்கும் என்கோடர் சுற்றைத்தான் எண்ணும், இந்த நீட்சி அதற்குத் தெரியாது. காலையில் ஒரு தடவை, இரண்டு மணி நேரம் ஓடியபின் ஒரு தடவை அதே இடத்தை அளங்கள். தவறு வளர்ந்து ஓரிடத்தில் நின்றால் குற்றவாளி வயசு இல்லை, வெப்பம். அதையும் ஸ்டீல் தகடு கூரைக்குக் கீழே, நம்ம ஊர் மே மாதத்தில்!

"மெஷினை நிறுத்தினால் நஷ்டம்" என்பார்கள். உண்மைதான். ஆனால் ரிஜெக்ட் ஆன ஒரு பெட்டி ஜாப் லாபமா? பழி கடைசியில் யார் தலையில்? ஷிப்டில் நின்ற ஆபரேட்டர் தலையில். தேய்ந்த கைடுவேயை எந்தக் கேஜும் குணமாக்காது, ஒப்புக்கொள்கிறேன். தேய்ந்தது அதுதான் என்றாவது அளந்தால்தானே தெரியும்?

நாம் ஜி01, ஜி02 என்று மனப்பாடம் செய்து பாஸாகிறோம். டயல் கேஜைச் சரியாக நிறுத்தத் தெரிந்தவர் வகுப்பில் எத்தனை பேர்? கோபம் வந்தால் ரொம்ப நல்லது. முதலில் அளந்துவிட்டு வாருங்கள், அப்புறம் சண்டை போடலாம்.