துறைமுகத்து நீருக்குப் பொறுப்பாளர் யார்?

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15-ஆம் தேதி தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் அமலில் இருக்கிறது. கடலில் உள்ள ஜீவராசிகள் நிம்மதியாக இனம் பெருக்கிக்கொள்ள வேண்டும் என்ற நல்ல நோக்கத்தோடு விசைப்படகுகளை அந்தக் காலத்தில் நாம் நிறுத்தி வைக்கிறோம். ஆனால், நிறுத்தி வைத்த படகுகளுக்குத் துறைமுகங்களில் என்ன நடைபெறுகிறது என்பதை நம்மில் பெரும்பாலோர் சென்று பார்ப்பதில்லை. அந்த நாட்களில் சென்னைக் காசிமேட்டுத் துறைமுகத்துப் பக்கம் நடந்தால், கரையேற்றிய படகின் அடிப்பாகத்தில் ஓர் ஆண்டுக் காலம் பற்றிக்கொண்ட சிப்பியையும் பாசியையும் பழைய வர்ணத்தையும் இரும்புத் தகட்டால் சுரண்டுகிற தொழிலாளியின் காலடியில் செம்பழுப்பான தூள் குவிந்துகொண்டே இருப்பதையும், அடுத்த படகின் எஞ்சினிலிருந்து கறுத்துத் தடித்த எண்ணெய் ஒரு பிளாஸ்டிக் கேனில் இறங்கிக்கொண்டிருப்பதையும் காணலாம். தூள் முதல் மழையில் தண்ணீருக்குள் போய்ச் சேருகிறது. கேனில் உள்ள எண்ணெயை விலைக்குக் கேட்டு எவரேனும் வந்தால் நல்லது; வராவிட்டால் அதற்கும் அதே கதிதான். தொழிலாளியின் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தூளையும் எண்ணெயையும் இன்ன இடத்தில் சேர்க்கலாம் என்று அவருக்கு நாம் ஓர் இடத்தைக் காட்டியதில்லை.

மீன்பிடித் துறைமுகங்களைப் பற்றிய நம்முடைய பேச்செல்லாம் கட்டடத்தைப் பற்றிய பேச்சாகவே இருந்து வருகிறது. அலைத்தடுப்புச் சுவரின் நீளம் இவ்வளவு, ஏலக்கூடத்தின் பரப்பு இவ்வளவு, இத்தனை படகுகள் அணைய இடம் உண்டு என்று திட்ட அறிக்கை எழுதி, அடிக்கல் நாட்டி, திறப்பு விழாவும் நடத்திவிடுகிறோம். சுவர் சரிந்தால் பார்ப்பதற்குப் பொறியாளர் இருக்கிறார். ஏலக்கூடத்துக்கு ஒப்பந்தக்காரர் இருக்கிறார். அந்தச் சுவர்கள் வளைத்து வைத்திருக்கும் தண்ணீருக்கு மட்டும், அதன் நிறம் மாறினாலும் நாற்றம் எடுத்தாலும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் ஒருவரும் இல்லை. இந்த ஒரு குறையிலிருந்துதான் மற்றக் குறைகள் யாவும் கிளைக்கின்றன என்பது என் திடமான அபிப்பிராயம். ஆகவே, எந்தத் துறைமுகத்தையும் விஸ்தரிப்பதற்கு இனி நிதி ஒதுக்குமுன், அதன் நீருக்கும் மணலுக்கும் பொறுப்பான ஓர் அதிகாரியையும், அவர் ஆண்டுதோறும் செலவழிப்பதற்குரிய தொகையையும் நிச்சயித்தாக வேண்டும் என்று சர்க்காரைக் கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

சுரண்டிய தூள் அற்பமான விஷயம் என்று நினைப்பவர்கள் பிரான்ஸ் தேசத்து ஆர்க்கஷோன் விரிகுடாவில் நேர்ந்ததை அறிந்துகொள்வது நலம். கடற்சிப்பி வளர்ப்பதையே பரம்பரைத் தொழிலாகக் கொண்ட மக்கள் வாழும் அந்த விரிகுடாவில், உல்லாசப் படகுகள் பெருகிய 1970-களின் பிற்பகுதியில், சிப்பிக் குஞ்சுகள் பிழைக்காமல் போயின; பிழைத்த சிப்பிகளின் ஓடுகளும் விகாரமாகத் தடித்தன. படகின் அடியில் பாசி படியாதிருப்பதற்காகப் பூசிய வர்ணத்தில் கலந்திருந்த டிரைபியூட்டைல்டின் என்ற ரசாயனமே காரணம் என்று கண்டவுடன், 25 மீட்டருக்குக் குறைந்த படகுகளுக்கு அதைப் பூசலாகாது என்று பிரெஞ்சு சர்க்கார் 1982-இல் உத்தரவிட்டது. சில ஆண்டுகளுக்குள் சிப்பிகள் மீண்டும் பெருகத் தொடங்கின. உலகம் முழுவதற்குமான சர்வதேச ஒப்பந்தம் அமலுக்கு வருவதற்கு 2008 வரை காத்திருக்க நேர்ந்தது என்பது வேறு கதை. அந்த விஷம் விலகிய இடத்தில் இப்போது பெரும்பாலும் தாமிரம் கலந்த வர்ணங்கள் இருக்கின்றன. தாமிரமும் அளவு மிஞ்சினால் சிப்பிக்கும் இறாலுக்கும் அவற்றின் குஞ்சுப் பருவத்தில் தீங்கு செய்வதுதான். அமெரிக்காவின் சாண்டியாகோ நகரத்தில், ஷெல்டர் ஐலண்ட் என்ற படகுத்துறை ஒன்றிற்கு மட்டுமே, நீரில் சேரும் தாமிரத்தை 76 சதவீதம் குறைக்க வேண்டும் என்று 2005-இல் கட்டளை பிறந்தது. படகு பழுதுபார்க்கும் இடத்துக்குச் சிமெண்டுத் தளம் போட்டு, கழுவிய நீர் ஒரு தொட்டிக்கு ஓடுமாறு சரிவு வைத்து, தூளைச் சாக்கில் கட்டி அப்புறப்படுத்துவதற்குப் பெரிய சாஸ்திர ஞானம் எதுவும் தேவையில்லை.

நம்முடைய கரைக்கு மற்றொரு சங்கடமும் உண்டு. காம்பே வளைகுடாவில் கடல் ஏறி இறங்கும் உயரம் பல மீட்டர் இருக்க, சென்னையில் அது பௌர்ணமி, அமாவாசை நாட்களிலும் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். ஒரே ஒரு வாயில் உள்ள துறைமுகத்துக்குள் புகும் தண்ணீர் முழுவதும் வெளியேறிப் புதுநீர் வருவதற்கு இந்தச் சிறிய ஏற்ற இறக்கம் போதாது; மூலைகளில் ஜலம் அசைவற்றுத் தேங்குகிறது; அங்கேதான் தெர்மோகோல் துண்டும், அறுந்த நைலான் வலையும், மீன் கழிவும், எண்ணெய்ப் படலமும் ஒன்றுகூடுகின்றன. கடலே கழுவிக்கொண்டு போய்விடும் என்ற நம்பிக்கைக்கு நம் கரையில் ஆதாரம் இல்லை. இந்தத் தண்ணீரை வாளியில் முகந்து மீன் கூடையில் ஊற்றுவதைப் பார்க்கும்போது, அந்த மீன் மாலைக்குள் எத்தனை வீடுகளுக்குப் போகும் என்ற எண்ணம் மனத்தை உறுத்துகிறது.

பெரிய குற்றத்தை விட்டுச் சிறிய குற்றத்தைப் பிடிப்பதாக மீனவ நண்பர்கள் வருந்தக்கூடும். அந்த வருத்தத்தில் நியாயம் உண்டு. 2017 ஜனவரி 28-ஆம் தேதி எண்ணூருக்கு அருகில் இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய கன எண்ணெயை, எந்திரங்கள் பயன்படாமல், மனிதர்கள் வாளியிலும் கையாலும் அள்ளிய காட்சியை நாடு மறந்துவிடவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி, வலையையும் படகையும் கறுப்பாக்கியபோது, அதற்குச் சிறிதும் காரணமாக இல்லாத குப்பங்கள்தான் பிழைப்பை இழந்தன. பெரிய தொழிற்சாலைகளையும் கப்பல்களையும் கண்டிப்பதில் தயவுதாட்சணியம் கூடவே கூடாது. ஆயினும், ஒரு துறைமுகத்தில் எண்ணெய் படர்வதைத் தடுக்கும் மிதவை வேலியும், எண்ணெய் உறிஞ்சும் கருவியும், அவற்றை இயக்கப் பயின்ற நான்கு பேரும் எந்நாளும் ஆயத்தமாக இருந்தால், படகிலிருந்து சிந்தும் எண்ணெய்க்கும் கப்பலிலிருந்து வரும் எண்ணெய்க்கும் அது ஒருசேரப் பயன்படும். வாளியோடு ஓடிய மக்களுக்கு நாம் செய்யக்கூடிய உண்மையான பரிகாரம் அதுவே.

இனி மணலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சோழ மண்டலக் கரையில் சோழகக் காற்றுக் காலத்து அலைகள் மணலை வடக்கே தள்ளுகின்றன. வாடைக் காலத்தில் அது ஓரளவு தெற்கே திரும்புகிறது. ஆண்டின் முடிவில் கணக்குப் பார்த்தால் வடக்கே போனதே மிகுதி. கரையிலிருந்து கடலுக்குள் ஒரு சுவரை நீட்டினால், அதன் தென்புறத்தில் மணல் சேரும். வடபுறம் பட்டினி கிடக்கும். 1876-இல் சென்னைத் துறைமுகச் சுவர்கள் எழத் தொடங்கிய பிறகு நடந்தது இதுவே. நாம் பெருமையோடு உலாவும் மெரீனாவின் அகன்ற மணற்பரப்பு அந்தச் சுவர் கொடுத்த வரவு. ராயபுரத்துக்கு வடக்கே குப்பம் குப்பமாகக் கடல் தின்ற நிலம் அதே சுவர் எழுதிய பற்று. வரவை அனுபவித்தவர்கள் நகரத்தார். பற்றைச் சுமந்தவர்கள் மீனவர்கள்.

நூறு ஆண்டு கழித்தும் நாம் அந்தக் கணக்கைப் படித்துத் தெளிந்ததாகத் தெரியவில்லை. புதுச்சேரியில் அரியாங்குப்பத்து ஆற்று முகத்துவாரத்தில் 1980-களின் இறுதியில் சுவர்கள் கட்டினார்கள். தெற்கே சேரும் மணலை அள்ளி வடக்கே கொண்டுபோய்க் கொட்டும் பணி ஒழுங்காக நடைபெறவில்லை. நகரத்தின் முன்னால் இருந்த அழகிய மணற்கரை மறைந்து, கருங்கற்குவியல் மிஞ்சியது. கற்களைப் போட்ட இடத்தில் அரிப்பு நின்று, கல் முடிந்த இடத்தில் தொடங்கியது. அங்கும் கல் போட, அது மேலும் வடக்கே நகர்ந்து, கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் என்று தமிழ்நாட்டு எல்லைக்குள்ளும் புகுந்தது. தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தார் 2018-இல் கடலுக்கடியில் ஓர் இரும்புத் திட்டை அமைத்த பிறகு மணல் ஓரளவு திரும்பியிருப்பது சந்தோஷமான செய்தி. எனினும், கடலுக்குள் நீளும் கற்சுவராகிய தூண்டில் வளைவு வேண்டும் என்று ஒவ்வொரு குப்பத்தாரும் மனுக் கொடுப்பதும், சர்க்கார் அனுமதிப்பதும், அடுத்த குப்பத்தார் அதனால் கரையை இழந்து மனுவோடு வருவதும் இன்றும் நிற்கவில்லை.

மணல் வடக்கே நகரும் மற்றொரு கரையில் இதற்கு விடை கண்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில், தென்புறத்து மணலைப் பம்பு வைத்து உறிஞ்சி, குழாய் மூலம் ஆற்றைக் கடத்தி, வடக்கே உள்ள கடற்கரைகளில் சேர்க்கும் நிலையம் 2001 முதல் வேலை செய்துவருகிறது. ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் கன மீட்டர் மணல் இவ்வாறு கடந்து போகிறது. அங்கே செலவைப் பகிர்ந்துகொள்பவை இரண்டு மாநில சர்க்கார்கள் என்பதைப் புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டுக்கும் நினைவூட்ட விரும்புகிறேன். மணலை நகர்த்தாமல் விடுவது கரையை மட்டும் கெடுப்பதில்லை. கன்னியாகுமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணத்தில் துறைமுக வாயிலில் மணல் மேடிட்டு, அங்கே அலை முறிந்து படகைக் கவிழ்த்ததில் மீனவர்கள் பலர் உயிரிழந்திருக்கிறார்கள். நடுக்கடலின் ஆபத்தையெல்லாம் தாண்டி வந்தவன், புகலிடமாக நாம் கட்டிக்கொடுத்த வாயிலிலேயே மாளுவதைக் காட்டிலும் வேதனை வேறென்ன இருக்கிறது?

புயலைக் குறித்தும் இதே அசிரத்தை. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்த இரவில், காசிமேட்டில் நெருக்கியடித்துக் கட்டியிருந்த படகுகள் ஒன்றோடொன்று மோதிச் சிதைந்தன, சில மூழ்கின. புயல் கொடியது என்பது மெய். ஆனால் அந்தப் படகுகளைச் சேதப்படுத்தியதில் இடநெருக்கடிக்கும், பற்றுறுதியற்ற கட்டுத்தறிகளுக்கும் பங்கு உண்டு. புயல் எச்சரிக்கை இப்போது நாட்கணக்கில் முன்கூட்டியே கிடைக்கிறது. அந்த அவகாசத்தில் சிறு படகுகளைக் கரையேற்றுவதற்குச் சரிவுத் தளமும் இழுவை எந்திரமும், பெரிய படகுகளை இடைவெளி விட்டுக் கட்டுவதற்கு ஆழ ஊன்றிய தறிகளும், எந்தப் படகு எங்கே போக வேண்டும் என்று முன்னரே எழுதிய பட்டியலும் இருந்தால், மறுநாள் கணக்கெடுக்க வரும் நிவாரண அதிகாரிக்கு வேலை குறையும்.

2024-இல் மத்திய சர்க்கார் காரைக்கால், டையூவின் வனக்பாரா, குஜராத்தின் ஜக்கௌ ஆகிய மூன்று இடங்களிலும் நவீன மீன்பிடித் துறைமுகங்கள் அமைப்பதற்குச் சுமார் 370 கோடி ரூபாயை அறிவித்தது. மழைநீர்ச் சேகரிப்பும், மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தும் விளக்குகளும் அத்திட்டத்தில் இருக்கின்றன. மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால், திறப்பு விழாவுக்கு ஐந்து ஆண்டு கழித்து எண்ணெய்த் தொட்டியைக் காலி செய்யும் லாரிக்கு யார் வாடகை கொடுப்பார் என்ற கேள்விக்கும் அதே பத்திரத்தில் விடை எழுதியிருக்க வேண்டும். செங்கற்பட்டு மாவட்டத்துக் கோவளம் கடற்கரை 2021-இல் நீலக்கொடிச் சான்றிதழ் பெற்றதை நாம் கொண்டாடினோம். அதே சான்றிதழ் உல்லாசப் படகுத்துறைகளுக்கும் வழங்கப்படுகிறது. அபாயமான கழிவுகளைத் தனியே சேர்க்க வசதி உண்டா, படகின் அடியில் தேங்கும் எண்ணெய் நீரை இறைத்து வாங்கிக்கொள்ள ஏற்பாடு உண்டா என்றெல்லாம் அங்கே சோதிக்கிறார்கள். உல்லாசத்துக்காகப் படகு ஓட்டுகிறவர்களுக்கு உரிய இந்தச் சௌகரியம், வயிற்றுப் பிழைப்புக்காக ஓட்டுகிறவர்களின் துறைக்கு ஏன் கூடாது?

ஏழை மீனவர் மேல் புதிய பாரம் ஏற்றலாமா என்று கேட்பவர்களின் இரக்கத்தை மதிக்கிறேன். பாரம் இப்போதே அவர் தலையில்தான் இருக்கிறது: சுழலியில் கழிவு வலை சிக்கி எஞ்சின் பழுதாவதும், நாற்றத்தால் மீனுக்கு விலை குறைவதும் அவருடைய நஷ்டமே. கேரளத்தில் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில், வலையில் வரும் பிளாஸ்டிக்கைக் கடலில் திரும்ப எறியாமல் மீனவர்கள் கரைக்குக் கொண்டுவர, பெண்கள் அதைத் தரம் பிரித்துத் துண்டாக்கிச் சாலைத் தாருடன் கலப்பதற்கு அனுப்பும் ஏற்பாடு 2017-இல் தொடங்கியது. கொண்டுவந்தால் வாங்கிக்கொள்ள ஆள் இருந்தது, ஆகவே கொண்டுவந்தார்கள். நம் துறைமுகங்களிலும் பழைய எண்ணெயை லிட்டருக்கு இவ்வளவு என்று விலை கொடுத்து வாங்கினால் ஒரு கேன்கூடத் தண்ணீருக்குள் போகாது. அந்தப் பணத்துக்கு மானிய டீசல் வழங்கும் நிலையத்திலேயே கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

பொறுப்பதிகாரியை நியமித்தால் மட்டும் போதாது. மாதந்தோறும் நீரைச் சோதித்து, எண்ணெயும் தாமிரமும் எவ்வளவு என்று ஏலக்கூடத்துச் சுவரில் தமிழில் எழுதிவைக்க அவரைக் கட்டாயப்படுத்த வேண்டும். அவர் பதில் சொல்லவேண்டிய ஒரு குழுவும் வேண்டும். அந்தக் குழுவில் விசைப்படகு உரிமையாளர் சங்கத்தாருக்கு எத்தனை இடமோ, ஏலக்கூடத்தில் கூடையோடு உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கும் அத்தனை இடம் கொடுக்க வேண்டும். துறைமுகத்து நீரில் மீனைக் கழுவலாமா, கூடாதா என்று விடியற்காலந்தோறும் தீர்மானிக்க வேண்டியிருப்பவர்கள் அவர்கள்தாம்.