பழைய பாட்டும் புதிய தட்டும்

திருவொற்றியூர் சாலையில் ஒரு மோட்டார் சைக்கிள் போகிறது. வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பவர் எழுந்து வந்து பார்ப்பதில்லை. இருந்த இடத்திலிருந்தே, "புல்லட் போகுது" என்று சொல்லி விடுகிறார். சத்தமே அதற்கு முகம்.

அந்தச் சத்தத்துக்குத் திருவொற்றியூர்தான் பிறந்த வீடு போன்றது. 1955-ம் ஆண்டு என்பீல்டு இந்தியா கம்பெனி தொடங்கப்பட்டது. அதன் தொழிற்சாலை திருவொற்றியூரில் எழுந்தது. பல ஆண்டுகள் ஒரே மாதிரி என்ஜின். ஒரே மாதிரி "டக், டக்" ஓசை. 2010-ம் ஆண்டை ஒட்டி, பழைய வார்ப்பிரும்பு என்ஜின் போய், புதிய என்ஜின் வந்தது. புதியதில் தொல்லை குறைவு. ஆனாலும் பழைய வாடிக்கைக்காரர்கள் பலர் முகம் சுளித்தார்கள். "எல்லாம் சரி. அந்தச் சத்தம் எங்கே?" என்பது அவர்கள் கேள்வி.

வண்டிக்கே இப்படி என்றால், பாட்டுக்கு எப்படி இருக்கும்?

பழைய பாட்டுகளைப் புதுப்பித்து மறுபடியும் வெளியிடுவது, இன்று உலகம் முழுவதும் நடக்கும் பெரிய வியாபாரம். புதிய தட்டு வரும்போதெல்லாம் கேட்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். "அருமையாகத் துலக்கி விட்டார்கள்" என்கிறது ஒரு கட்சி. "துலக்குகிறேன் என்று கெடுத்து விட்டார்கள்" என்கிறது மறு கட்சி.

இது வேலை இல்லாதவர்களின் வெட்டிப் பேச்சு என்று தள்ளிவிடக் கூடாது. அந்தச் சண்டையில் ஒரு நியாயம் இருக்கிறது. அது வட சென்னைக்கும் வேண்டிய நியாயம்.

தொழிற்சாலையில் பிறந்த இசை

புல்லட்டின் பூர்வீகம் இங்கிலாந்து. ராயல் என்பீல்டு வண்டிகள் முதலில் ரெட்டிச் என்ற ஊரில் செய்யப்பட்டன. அந்த ஊருக்குப் பக்கத்தில் உள்ள பெரிய தொழில் நகரம் பர்மிங்காம். இரும்பு, தகரம், மோட்டார், புகை ஆகியவைதான் அந்த நகரத்தின் அடையாளம். எண்ணூர், மணலி மக்களுக்கு அதை விளக்கிச் சொல்லத் தேவை இல்லை.

அந்த நகரத்தில் டோனி ஐயோமி என்று ஒரு இளைஞர். இரும்புத் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை. வயது 17. கிட்டார் வாசிப்பதில் ஆசை. இசைக்குழுவோடு போவதற்காக வேலையை விட்டு விட்டார். அன்று கடைசி நாள். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவருக்குத் திரும்பிப் போக மனம் இல்லை. தாய்தான், போய் வேலையை முடித்து விட்டு வரும்படி அனுப்பி வைத்தார். போனார். எந்திரம் வலது கையில் இரண்டு விரல்களின் நுனியைத் துண்டித்து விட்டது.

அவர் இடது கைப் பழக்கம் உள்ளவர். கம்பியை அழுத்த வேண்டிய கை வலது கைதான். இனிமேல் கிட்டாரை மறந்துவிட வேண்டியதுதான் என்றார்கள் டாக்டர்கள்.

அப்போது தொழிற்சாலை மேலாளர் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். தீ விபத்தில் சிக்கி, இடது கையின் இரண்டு விரல்கள் செயல் இழந்த பிறகும் பெரும் புகழ் பெற்ற கிட்டார் கலைஞர் அவர். தட்டைக் கேட்ட இளைஞருக்கு உயிர் வந்தது. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குக் குப்பி செய்தார். அதன் மேல் தோல் துண்டை ஒட்டினார். விரல் வலிக்காமல் இருக்க மெல்லிய கம்பிகளைப் பூட்டினார். பின்னால் கம்பிகளைத் தளர்த்தியும் வாசித்தார். அதனால் ஓசை கனமாக, ஆழமாக, இருட்டாக ஒலித்தது.

அவர் சேர்ந்த குழுவின் பெயர் "பிளாக் சாபத்". நால்வரும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகள். பாடகர் ஆஸி ஆஸ்பர்ன் ஆடு மாடு வெட்டும் கூடத்தில் வேலை பார்த்தவர். முதல் தட்டு 1970-ம் ஆண்டு வந்தது. அதை ஒரே நாளில் பதிவு செய்தார்கள். அதே ஆண்டில் வந்த "பாரனாய்டு" என்ற தட்டு இங்கிலாந்தில் முதல் இடத்தைப் பிடித்தது. ஹார்டு ராக், ஹெவி மெட்டல் என்று சொல்லப்படும் இசைக்கு அவர்கள் மூதாதையர் ஆனார்கள். 2025-ம் ஆண்டு ஜூலை 5-ந் தேதி தாங்கள் வளர்ந்த ஆஸ்டன் பகுதியிலேயே கடைசிக் கச்சேரி செய்தார்கள். அதே மாதம் 22-ந் தேதி ஆஸி ஆஸ்பர்ன் காலமானார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த இசையின் கனம், வெட்டுப்பட்ட விரலிலிருந்து வந்தது. குறை என்று நினைத்ததே குணம் ஆகிவிட்டது. அப்படியானால், பழைய தட்டைத் துலக்க உட்காருகிறவர், எது அழுக்கு, எது அழகு என்று எப்படிக் கண்டுபிடிப்பார்? கேட்பவர்கள் போடும் சண்டை எல்லாம் இதைப் பற்றியதுதான்.

துலக்குவது வேறு, மாற்றுவது வேறு

பாட்டைப் பதிவு செய்யும்போது முதலில் ஒரு மூல நாடா உண்டாகிறது. அதிலிருந்துதான் தட்டு, கேசட், சி.டி. எல்லாம் வருகின்றன. அந்த நாடாவை எடுத்து, தூசியின் கரகரப்பை நீக்கி, ஓசையைச் சமன் செய்து வெளியிடுவது ஒரு முறை. பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்ப்பது போன்றது இது.

குரல், கிட்டார், தாளம் என்று தனித்தனியாகப் பதிந்தவற்றைப் பிரித்து, வேறு அளவில் மறுபடியும் கலப்பது இன்னொரு முறை. பாத்திரத்தை உருக்கி, மறுபடி வார்ப்பது போன்றது இது.

இரண்டையும் கெடுக்கும் ஒரு ஆசை உண்டு. அது சத்தத்தைக் கூட்டும் ஆசை. சி.டி. காலத்தில், தன் தட்டுத்தான் மற்றதைவிட உரக்கக் கேட்க வேண்டும் என்று கம்பெனிகள் போட்டி போட்டன. மெல்லிய இடத்தையும் உரத்த இடத்தின் அளவுக்கு உயர்த்தினார்கள். காசிமேட்டுக் கடலில் எல்லா அலையும் ஒரே உயரத்தில் நின்றால் எப்படி இருக்கும்? அது கடலாக இராது. சுவராக இருக்கும்.

இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. அமெரிக்காவின் மோட்டார் நகரமான டெட்ராய்ட்டுக்கு அருகில் தோன்றிய குழு ஸ்டூஜஸ். அவர்களுடைய "ரா பவர்" என்ற தட்டு 1973-ம் ஆண்டு வந்தது. பாட்டுகளைக் கலந்து கொடுத்தவர் புகழ்பெற்ற பாடகர் டேவிட் போவி. "ஓசை மெலிந்து விட்டது. தாளம் காதில் விழவில்லை" என்று பல ஆண்டுகளாகக் குறை சொன்னார்கள். 1997-ம் ஆண்டு குழுவின் பாடகர் இக்கி பாப் தாமே அதை மறுபடி கலந்து வெளியிட்டார். எல்லாம் உரக்க ஒலித்தது.

சண்டை தீர்ந்ததா? இல்லை. "இப்போதுதான் உயிர் வந்தது" என்றார்கள் சிலர். "காது கிழிகிறது. பழையதைக் கொடுங்கள்" என்றார்கள் வேறு சிலர். கடைசியில் 2010-ம் ஆண்டு பழைய கலவையே துலக்கப்பட்டு மறுபடி வெளிவந்தது. இன்று இரண்டும் இருக்கின்றன. விரும்பியவர் விரும்பியதைக் கேட்கலாம். பழையது பத்திரமாக இருந்ததால்தான் அது முடிந்தது.

தமிழ்நாட்டில் நடந்தது

தமிழ்நாட்டுக்கும் இது புதிது அல்ல. சிவாஜி கணேசன் நடித்த "கர்ணன்" 1964-ம் ஆண்டு பொங்கலுக்கு வந்த படம். இயக்கியவர் பி.ஆர்.பந்துலு. இசை விஸ்வநாதன் - ராமமூர்த்தி. 48 ஆண்டு கழித்து, படத்தையும் ஒலியையும் டிஜிட்டல் முறையில் சீர் செய்து, 2012-ம் ஆண்டு மார்ச் மாதம் மறுபடி திரையிட்டார்கள். நூறு நாளைத் தாண்டி ஓடியது. தாத்தாவும் பேரனும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தார்கள்.

அதே 1964-ம் ஆண்டில் வந்தது எம்.ஜி.ஆர். நடித்த "படகோட்டி". மீனவர் வாழ்க்கையைச் சொன்ன படம். அதில் வாலி எழுதிய ஒரு பாட்டின் வரிகள், 2004-ம் ஆண்டு "நியூ" படத்தில் ஏ.ஆர்.ரகுமானின் இசையோடு வந்தன. அதை ஏற்றவர்களும் உண்டு. ஏற்காதவர்களும் உண்டு. ஆனால் அதில் ஏமாற்று இல்லை. பெயர் வேறு, படம் வேறு, இசை வேறு என்று எல்லோருக்கும் தெரியும். மகனைப் பார்த்து, "தகப்பனைப் போல் இல்லையே" என்று கோபித்துக் கொள்வதில் பயன் இல்லை. "இவர்தான் உன் தகப்பன்" என்று வேறு ஒருவரைக் காட்டினால் கோபம் வரத்தான் செய்யும். மறுவெளியீட்டில் கேட்பவர்கள் கோபிப்பது அதற்காகத்தான்.

ராயபுரத்தில் ஒரு வீடு. பழைய பாட்டு புதிய தட்டில் ஓடுகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள்.

"இன்னாடா இது? டி.எம்.எஸ். குரல் இப்படியா இருக்கும்? யாரோ மூக்கைப் பிடிச்சிக்கினு பாடற மாதிரி கீதே!" என்கிறார் தகப்பனார்.

"நைனா, உனக்கு அந்தக் கரகரன்னு கேட்டே பழகிப் போச்சு. இதுலதான் தபேலா தனியா கேக்குது. நல்லா கேளு" என்கிறான் மகன்.

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க. பாட்டைக் கேக்க வுடுங்க" என்கிறார் தாயார்.

மூவர் சொல்வதும் சரிதான். குரல் கெடக் கூடாது. தபேலாவும் கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பாட்டு இருக்க வேண்டும்.

துலக்க ஆள் இல்லாத பாட்டு

இங்கேதான் வட சென்னையின் கவலை தொடங்குகிறது. பர்மிங்காம் தொழிலாளியின் பாட்டை ஐம்பது ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பத் துலக்குகிறார்கள். வட சென்னைத் தொழிலாளியின் பாட்டுக்கு அப்படி யார் இருக்கிறார்கள்?

அந்தப் பாட்டின் பெயர் கானா. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரும், மில்லில் வேலை செய்தவரும், வலை இழுத்தவரும், ரிக்ஷா மிதித்தவரும் பாடிய பாட்டு அது. சாவு விழுந்த வீட்டில் இரவெல்லாம் பாடுவார்கள். செத்தவரின் பெருமை, தாயின் அருமை, வாழ்க்கையின் நிலையாமை எல்லாம் அதில் வரும். ஆர்மோனியமும் டோலக்கும் இருந்தால் சரி. இல்லாவிட்டால் டப்பாவிலும் தாளம் பிறக்கும்.

1990-களில் இசை அமைப்பாளர் தேவா, கானாவைத் திரைக்குக் கொண்டு வந்து நாடெங்கும் பரப்பினார். 2006-ம் ஆண்டு "சித்திரம் பேசுதடி" படத்தின் மூலம் கானா உலகநாதன் வீட்டுக்கு வீடு தெரிந்தவர் ஆனார். 2018-ம் ஆண்டு ஜனவரியில், இயக்குனர் பா.இரஞ்சித்தின் முயற்சியில், இசை அமைப்பாளர் தென்மாவோடு, "தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்" குழு கீழ்ப்பாக்கத்தில் மேடை ஏறியது. கானாவும் எலெக்ட்ரிக் கிட்டாரும் ஒரே மேடையில் கை கோத்தன. இரண்டும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகள். அதனால் உறவு சுலபமாக ஒட்டிக் கொண்டது.

சினிமாவுக்கு வந்த கானா பிழைத்தது. வராத கானா எங்கே? கேசட்டில் பதிந்தவை பரணில் கிடக்கின்றன. கேசட் நாடா என்பது, பிளாஸ்டிக் மேல் பூசிய இரும்புத் துகள். ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். நாளானால் பூச்சு உதிரும். கடற்காற்று வீசும் ஊரில் அதன் ஆயுள் இன்னும் குறைவு. 2023-ம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, எண்ணூர்ப் பகுதியில் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வீடுகளுக்குள் புகுந்தது. அரிசி போனது, துணி போனது என்று கணக்கு எடுத்தார்கள். பாட்டுப் போனதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

பணக்கார நாடுகளிலும் இந்த ஆபத்து உண்டு. 2008-ம் ஆண்டு அமெரிக்காவின் யுனிவர்சல் ஸ்டூடியோவில் தீப்பிடித்து, ஏராளமான மூல நாடாக்கள் எரிந்தன. தமிழின் முதல் பேசும் படமான "காளிதாஸ்" (1931) படத்துக்கு இன்று ஒரு பிரதிகூட இல்லை. மூலம் போனால் துலக்குவதற்கு ஒன்றும் இல்லை. கட்சி கட்டிச் சண்டை போடவும் வழி இல்லை.

செய்ய வேண்டியது என்ன?

கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதுவது அவர் தொழில். பழைய புத்தகம், பத்திரிகை, அழைப்பிதழ் என்று கிடைத்ததை எல்லாம் சேர்த்தார். ஊரார் குப்பை என்று நினைத்தது, 1994-ம் ஆண்டு சென்னையில் ஆராய்ச்சி நூலகம் ஆயிற்று. தனி மனிதர் ஒருவரால் அவ்வளவு முடியும் என்றால், ஒரு வட்டாரமே முனைந்தால் முடியாதா?

வீட்டில் பழைய கானா கேசட் இருந்தால், அதைத் தூக்கி எறியக் கூடாது. பாடியவர் யார், எங்கே, எந்த ஆண்டு என்று ஒரு சீட்டில் எழுதி வைக்க வேண்டும். பாடியவர் உயிரோடு இருந்தால் அவரையே கேட்டு எழுத வேண்டும். கேசட்டைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்ய வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். பதிவு செய்த பிறகும் மூலத்தைக் காப்பாற்ற வேண்டும்.

அரசுக்கும் கடமை உண்டு. இயல் இசை நாடக மன்றமும் பொது நூலகங்களும் இதைக் கையில் எடுக்கலாம். ராயபுரத்தில் ஒன்று, திருவொற்றியூரில் ஒன்று என்று, கேசட்டைக் கொண்டு வந்தால் பிரதி எடுத்துக் கொடுக்கும் இடம் இருந்தால் போதும். நாளை எந்தக் கம்பெனியாவது அந்தப் பாட்டை வெளியிட்டால், பாடியவரின் பெயரும் அதில் இருக்க வேண்டும். அவருக்கு உரிய கூலியும் கிடைக்க வேண்டும்.

துலக்குகிறவர்களுக்கு, காசிமேட்டில் மீன் ஆயும் பெண்களே நல்ல ஆசிரியர்கள். அவர்கள் செதிலைச் சீவுவார்கள். சதையைச் சீவ மாட்டார்கள். ஆனால் அதற்கும் முன்னால், மீன் கரைக்கு வந்து சேர வேண்டும்.